தெரியாது: தொண்ணூற்று நான்கு சதவீதம்

ஜூன் 3, திங்கள்

தினமும் காலையில் ரத்த அழுத்தம் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைக்கும்படி டாக்டர் சொன்னார். அதற்காக வாங்கிய நோட்டு இது. இன்று 150/90. ஒரே ஒரு எண்ணுக்கு முழுப் பக்கத்தை வீணாக்க மனம் வரவில்லை. இருபத்தாறு வருடமாக மற்றவர்கள் எழுதிய படிவங்களைக் கூட்டிக் கழித்தவளுக்குச் சொந்தமாக நாலு வரி எழுத வருமா என்று பார்ப்போம்.

மிக்ஸி ஜார் அடியில் ஒழுகுகிறது. வாஷர் மாற்ற வேண்டும்.

அலுவலகத்தில் ஆண்டறிக்கை வேலை ஆரம்பித்தாயிற்று. நான் புள்ளியியல் துறைக்காரி. எட்டு வருடமாக மாவட்டப் போதைப்பொருள் தகவல் பிரிவில் அயல்பணி. காவல் நிலையங்கள் கஞ்சா பிடிக்கும் ஒவ்வொரு முறையும் எங்களுக்கு ஒரு படிவம் அனுப்பும். யாரிடம் பிடித்தது, எங்கே, எத்தனை கிலோ, அது எங்கே விளைந்தது. நாங்கள் கணினியில் ஏற்றி, வருடத்துக்கு ஒரு முறை அறிக்கை போடுவோம். போன வருட அறிக்கையில் மாவட்டத்தின் கஞ்சா வழக்குகளில் 71 சதவீதம் சீங்கமலையில் விளைந்த சரக்கு என்று வந்தது. எல்லாப் பத்திரிகைக்காரர்களும் அந்த ஒரு வரியைத்தான் தலைப்பில் போட்டார்கள். எங்கள் பிரிவின் டி.எஸ்.பி. திருநாவுக்கரசு சாருக்கு அதில் ஏகப் பெருமை. "இந்த வருசமும் அதே மாதிரி நச்சுனு ஒரு வரி வேணும் மேடம்" என்றார்.

ஜூன் 5, புதன்

145/90.

பதினோரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் ரங்கி, ஊர் சீங்கமலை. கையில் தகவல் உரிமைச் சட்ட மனு. பொதுத் தகவல் அலுவலர் என்ற பலகை என் மேசையில்தான் இருக்கிறது. வேறு யாரும் வேண்டாம் என்றதால் என்னிடம் வந்து சேர்ந்த பலகை.

"தபால்ல அனுப்பியிருக்கலாமே" என்றேன்.

"ரெண்டு தடவ அனுப்பிச்சங்க. வந்து சேரலைன்னாங்க. அதான் கையிலயே கொண்டாந்துட்டேன். சீல் போட்டுக் குடுங்க."

மனுவை வக்கீல் நூர்ஜகான் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரே கேள்வி. 71 சதவீதம் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள், வழக்கு வாரியாக ஆதாரம் தருக.

ரங்கியின் தம்பி வெள்ளையன் டிசம்பரிலிருந்து சிறையில் இருக்கிறான். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் பஸ்ஸில் வந்திருக்கிறான். வழியில் சோதனை. பின் இருக்கைக்கு மேலே பொருள் வைக்கும் தட்டில் நாலு கிலோ கஞ்சா உள்ள ஒரு பை. யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. பஸ்ஸில் இருபத்து மூன்று பேர். ஆதார் அட்டையில் சீங்கமலை என்று இருந்தது வெள்ளையனுக்கு மட்டும்.

"நாலு கிலோவுக்கு ஜாமீன் கிடைக்குமே" என்றேன்.

அவள் நீதிமன்ற உத்தரவின் நகலை எடுத்துக் காட்டினாள். மாவட்டத்தின் கஞ்சாவில் 71 சதவீதம் விளையும் மலையைச் சேர்ந்தவர் என்பதால் வெளியே விட்டால் மீண்டும் அதே தொழிலில் ஈடுபட வாய்ப்புள்ளது, மனு தள்ளுபடி. ஆதாரம் என்ற இடத்தில் எங்கள் அறிக்கையின் பக்க எண்.

முப்பது நாளில் பதில் வரும் என்றேன். சீல் போட்டுக் கொடுத்தேன். மையை ஊதிக் காயவைத்து மடித்து வைத்துக்கொண்டாள்.

ஜூன் 7, வெள்ளி

காலையில் பார்க்க மறந்துவிட்டேன். 145/90 என்றே போட்டுக்கொள்கிறேன், முந்தாநாளும் அதுதான்.

ஜூன் 10, திங்கள்

140/90. டி.எஸ்.பி. மனுவைப் படித்துவிட்டுச் சிரித்தார். "வழக்கம்போல, விசாரணையில் இருப்பதால் தகவல் தர இயலாதுன்னு அனுப்பிருங்க." அவர் கெட்ட மனிதர் இல்லை. ஊழியர்களின் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுக்க அலைபவர். ஆனால் ஒரு எண்ணை இரண்டாவது தடவை பார்க்கிற பழக்கம் அவருக்கில்லை.

சரி சார் என்றுதான் சொன்னேன். மத்தியானம் சாப்பிட்ட பிறகு என்ன தோன்றியதோ, ஏட்டு பால்துரையைக் கூப்பிட்டுப் போன வருடப் படிவக் கட்டுகளை இறக்கச் சொன்னேன்.

"எல்லாத்தையுமா மேடம்?"

"எல்லாத்தையும்."

நானூற்றுப் பன்னிரண்டு படிவங்கள். பல்லி எச்சம், தூசு. பால்துரை தும்மிக்கொண்டே இருந்தார்.

ஜூன் 13, வியாழன்

மூன்று நாளாக வேறு வேலை பார்க்கவில்லை. ஒன்பதாம் கட்டம் மட்டும். அதன் தலைப்பு "விளைந்த இடம்". இன்று முடித்தேன்.

சீங்கமலை என்று எழுதியிருந்தவை 95. வேறு இடங்கள் எழுதியிருந்தவை 119. எதுவும் எழுதாமல் காலியாக விட்டிருந்தவை 198.

95-ஐயும் 198-ஐயும் கூட்டினால் 293. நானூற்றுப் பன்னிரண்டில் அது 71 சதவீதம்.

காலியாக இருந்தவை எல்லாம் சீங்கமலைக் கணக்கில் ஏறியிருக்கின்றன. ஒன்பதாம் கட்டம் காலியாக இருந்தால் குறியீடு 1 என்று பதிவு செய்யவும் என்று எட்டு வருடத்துக்கு முந்தைய குறிப்பு ஒன்று இருக்கிறது. குறியீடு 1 சீங்கமலை. இத்தனை வருடமாக அதைப் பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள்.

பால்துரை பக்கத்தில் நின்று கூட்டலைச் சரிபார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. "அந்தக் குறிப்ப யார் மேடம் போட்டது?"

பழைய கோப்பு, தேடிப் பார்க்க வேண்டும் என்றேன்.

ஜூன் 14, வெள்ளி

எழுதியிருக்கும் படிவங்களும் யோக்கியமில்லை. ஒரு நிலையத்தில் விளைந்த இடம் "பேருந்து நிலையம்" என்று எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது நடைமேடைக்குப் பக்கத்தில் பயிர் செய்கிறார்கள் போலிருக்கிறது. பிடித்த இடத்தையே விளைந்த இடமாக எழுதுகிறார்கள், பிடிபட்டவனின் ஊரை எழுதுகிறார்கள். ஆய்வுக்கூடத்து அறிக்கையில் இது கஞ்சா, இத்தனை கிராம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. எந்த மண்ணில் முளைத்தது என்று யாரும் சோதிக்கவில்லை, சோதிக்கச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

இன்னொன்று. சீங்கமலைப் பாதையில்தான் மாவட்டத்தின் ஒரே நிரந்தரச் சோதனைச் சாவடி இருக்கிறது. அதை ஏன் அங்கே வைத்தார்கள்? எங்கள் அறிக்கையைப் பார்த்து வைத்தார்கள். சாவடியில் பிடிப்பதெல்லாம் சீங்கமலை என்று எழுதப்பட்டு மறுபடி எங்கள் அறிக்கைக்கு வருகிறது.

செடியோடு, தோட்டத்தில் வைத்துப் பிடித்த வழக்குகளை மட்டும் பிரித்தேன். அவைதான் கண்ணால் பார்த்த ஆதாரம். சீங்கமலையில் 6. மற்ற இடங்களில் 17. ஆக இருபத்து மூன்று வழக்குகளில் மட்டும் எங்கே விளைந்தது என்று நமக்குத் தெரியும். மீதி முந்நூற்று எண்பத்தொன்பது தெரியாது.

இரவுச் சாப்பாட்டின்போது இவரிடம் சொன்னேன். என் கணவர் சவரிமுத்து ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். எதிரில் வரும் லாரியையும் பக்கத்தில் இருக்கும் மாணவனையும் ஒரே நேரத்தில் கவனிக்கிற மனிதர், வீட்டிலும் அப்படித்தான்.

"எட்டு வருசத்துக்கு முந்தியா? அப்பதான நீ அங்க சேர்ந்த?"

குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. மோர் ஊற்றிக்கொள்ளச் சொன்னேன்.

ஜூன் 19, புதன்

நாலு நாளாக அழுத்தம் பார்க்கவில்லை. ஏழாம் தேதி எழுதியதை அடித்துவிட்டேன். இந்த நாலு நாளும் காலியாகவே இருக்கட்டும்.

மிக்ஸிக்கு வாஷர் கிடைக்கவில்லை. அந்த மாடலே இப்போது வருவதில்லையாம். சட்னிக்கு அம்மியை இறக்கியாயிற்று, தோள்பட்டை வலிக்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. சீங்கமலைக்குப் போனேன். எட்டு வருடமாக அந்தப் பெயரை எழுதுகிறேன், ஒரு தடவைகூடப் போனதில்லை.

சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு போலீஸ்காரர் மூட்டைகளைக் கம்பியால் குத்திப் பார்த்தார். ஒரு கிழவரின் பலாப்பழத்திலும் குத்தினார். பால் வடிந்தது. "குத்துன பழத்த எவன் வாங்குவான்?" என்று கிழவர் முணுமுணுத்தார். என் கைப்பையை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ரங்கியின் வீட்டைச் சுலபமாகக் கண்டுபிடித்தேன். என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஆச்சரியம். பதில் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றதும் முகம் சுருங்கியது. ஆனாலும் வரக்காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"இங்க யாருமே கஞ்சாச் செடி போடறதில்லையா?" என்று கேட்டேன். அதைக் கேட்கத்தான் போனேனா என்று இப்போது தெரியவில்லை.

"ஏனுங்க போடாம. ஆறு பேர் போட்டாங்க. ஆறு பேரையும் புடிச்சாச்சு. அதுல ரெண்டு பேரு எங்க சொந்தந்தானுங்க. இல்லைன்னு யாரு சொன்னா?" தம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "ஆனா கீழ போயி ஊர் பேரச் சொன்னா வாடகைக்கு வீடு தர்றதில்லைங்க. பிரசவத்துக்குப் போன புள்ளைய ஆஸ்பத்திரி வாசல்ல பையத் தொறந்து காட்டச் சொல்றாங்க. நர்சு படிப்புக்கு இன்டர்வியூ போன என் அண்ணன் பொண்ணுகிட்ட, உங்க ஊர்லதான் அது விளையுதாமேன்னு சிரிச்சாங்களாம். அவ படிக்கவே போகலைங்க."

நான் காப்பியைக் குடித்தேன். நன்றாக இருந்தது.

"நாங்க நூத்தி நாப்பது குடும்பம். அந்த எழுபத்தி ஒண்ண எண்ணுனது யாருங்க மேடம்? அந்த ஆளு ஒரு நாளாவது இங்க வந்திருப்பாங்களா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். பஸ் வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

ஜூன் 24, திங்கள்

160/100. உண்மையான எண்.

குறிப்பைப் போட்டது நான்.

எழுதியாயிற்று. இனி மற்றதையும் எழுதலாம். அந்தப் பிரிவில் சேர்ந்து மூன்றாவது வாரம். கணினி மென்பொருள் காலிக் கட்டத்தை ஏற்றுக்கொள்ளாமல் சிவப்பாகக் காட்டிக்கொண்டே இருந்தது. அப்போதிருந்த அதிகாரிக்கு மாலைக்குள் அறிக்கை வேண்டும். பதினான்கு படிவங்களில் ஒன்பதாம் கட்டம் காலி. பதினான்குதான். அந்த மாதம் சீங்கமலையில் ஒரு தோட்டத்தைப் பிடித்திருந்தார்கள், பத்திரிகையில் படம் வந்திருந்தது. தற்காலிகமாக 1 போட்டுவிடலாம், நிலையங்களிலிருந்து விவரம் வந்ததும் திருத்தலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு விடாமல், தட்டச்சு செய்பவருக்கு வசதியாக இருக்கட்டுமே என்று குறிப்பாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அழகான கையெழுத்து. அ. அமலோற்பவம்.

விவரம் வரவில்லை. நானும் கேட்கவில்லை. எண்ணிக்கை நாற்பதாயிற்று, எண்பதாயிற்று, நூற்றுத் தொண்ணூற்றெட்டாயிற்று. ஒவ்வொரு வருடமும் அறிக்கை வந்த அன்று எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள்.

தேட வேண்டும் என்று பால்துரையிடம் சொன்ன கோப்பு என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருந்தது. இன்று எடுத்து அவரிடம் கொடுத்தேன். படித்தார். "நகல் எடுக்கவா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று நகல் என்றேன்.

ஜூலை 1, திங்கள்

டி.எஸ்.பி.யிடம் பதிலின் வரைவை வைத்தேன். நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தவர் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மேடம் இது? தெரியாது தொண்ணூத்தி நாலு சதவீதமா? இப்படியும் ஒரு அரசாங்கப் பதில் உண்டா?"

"தெரியாததத் தெரியாதுன்னுதான சார் எழுத முடியும்?"

"சரி, சீங்கமலை வேண்டாம். எடுத்துருவோம். அந்த ரயில்ல புடிச்ச பார்சல் எல்லாம் தெலுங்குப் பேப்பர்ல சுத்தியிருந்துச்சில்ல? ஆந்திரான்னு போட்டுருங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

"எங்க தெருவுல பஜ்ஜி கூட தெலுங்குப் பேப்பர்ல மடிச்சுத் தர்றாங்க சார். சுத்துன இடம் வேற, விளைஞ்ச இடம் வேற. ஒரு ஊரு மேல போட்டத எடுத்து ஒரு மாநிலத்து மேல போடச் சொல்றீங்க."

"தெரியாதுன்னு எழுதுனா, அப்புறம் இந்தப் பிரிவே எதுக்குன்னு மேல கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். நல்ல கேள்விதான்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மேடம், அந்தக் குறிப்பு உங்க கையெழுத்து. மூணு வருசத்துக்கு முந்தி நான் இங்க வந்தப்பவே பார்த்தேன். உங்கள விட்டுக் குடுக்க வேண்டாம்னுதான் பேசாம இருந்தேன். இத அனுப்புனா மொத அடி உங்க மேலதான் விழும். உங்களுக்கு இன்னும் பதினாலு மாசந்தான் சர்வீஸ் இருக்கு."

அவர் என்னைக் காப்பாற்றியதாகவே நம்புகிறார். நன்றி சொல்லலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. என்னைக் காப்பாற்ற அவர் வாய் மூடியிருந்த இந்த மூன்று வருடத்தில், அந்த மலைக்காரர்கள் ஒவ்வொரு நாளும் பஸ்ஸிலிருந்து இறங்கி நின்றிருக்கிறார்கள்.

"பொதுத் தகவல் அலுவலர் நான்தான் சார். பதில்ல கையெழுத்து என்னது. உங்க ஒப்புதல் தேவையில்ல" என்றேன்.

"யோசிங்க" என்றார்.

வெளியே வந்த பிறகுதான் வரைவை அவர் மேசையிலேயே விட்டது தெரிந்து, திரும்பப் போய் எடுத்து வந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூலை 3, புதன்

கெடு வெள்ளிக்கிழமை. இன்று மூன்று மணிக்கு அலுவலகத் தபால் புத்தகத்தில் என் உறையைப் பதிய மறுத்தார்கள். டி.எஸ்.பி. சொல்லியிருக்கிறாராம். பால்துரை என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "தலைமைத் தபால் நிலையத்துல அஞ்சு மணி வரைக்கும் பதிவுத் தபால் எடுப்பாங்க மேடம்" என்றார்.

இவருக்கு போன் செய்தேன். பயிற்சிக் காரிலேயே வந்தார். கூரையில் சிவப்பு எல் பலகை, ஓட்டுநர் இருக்கையில் வேர்த்து வழியும் ஒரு துணிக்கடைக்கார அம்மாள்.

"என்னங்க, இவங்களா ஓட்டப் போறாங்க?"

"பாதி வகுப்புல எறக்கிவிட முடியுமா? ஏறு."

இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊரைச் சுற்றிப் போனோம். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். ஒருவன் ஜன்னல் அருகே வந்து திட்டினான். இவர் திரும்பாமலேயே கேட்டார்: "அனுப்புனா என்ன பண்ணுவாங்க?"

"விளக்கம் கேட்டுக் குறிப்பாணை குடுப்பாங்க. மாத்துவாங்க. வேற என்னவும் பண்ணலாம்."

"அனுப்பாம இருந்தா?"

அந்த அம்மாள் கிளட்சை விட்டதில் வண்டி குலுங்கி நின்றது.

"அந்தப் பையன் ஆறு மாசமா உள்ள கெடக்கான்ல" என்று இவரே சொல்லிக்கொண்டார். பிறகு அந்த அம்மாளிடம், "பதறாதீங்க. முதல் கியர். மெதுவா விடுங்க."

நாலு நாற்பதுக்குப் பதிவு செய்தேன். பதில் ஒன்றரைப் பக்கம்தான். ஆங்கிலத்தில் எழுதிய அதன் கடைசிப் பத்தியை இங்கே தமிழில் எழுதி வைக்கிறேன்:

"412 வழக்குகளில் சரக்கு விளைந்த இடம் ஆதாரத்துடன் தெரிந்தவை 23. அவற்றில் சீங்கமலை 6. அதாவது மொத்தத்தில் சுமார் ஒன்றரை சதவீதம். விளைந்த இடம் தெரியாதவை 389, அதாவது 94 சதவீதம். 71 சதவீதம் என்ற எண், காலியாக இருந்த 198 படிவங்களைச் சீங்கமலை என்று பதிவு செய்ததாலும், பிடித்த இடத்தையும் பிடிபட்டவரின் முகவரியையும் விளைந்த இடமாக எழுதியதாலும் வந்தது. அவ்வாறு பதிவு செய்யச் சொன்ன குறிப்பு என்னால் எழுதப்பட்டது. நகல் இணைப்பில்."

ஜூலை 11, வியாழன்

குறிப்பாணை வந்துவிட்டது. கூடவே இடமாற்றம். பாசனக் கணக்கெடுப்புப் பிரிவு. நாளையிலிருந்து கிணறுகளை எண்ண வேண்டும்.

அலுவலகத்தில் யாரும் வழியனுப்ப வரவில்லை. பால்துரை மட்டும் என் மணிபிளாண்ட் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்தார்.

ஜூலை 18, வியாழன்

வெள்ளையனின் ஜாமீன் மனு திங்களன்று இரண்டாம் முறை விசாரணைக்கு வந்தது. வக்கீல் நூர்ஜகான் என் பதிலைத் தாக்கல் செய்திருந்தார். மேலதிகாரி ஒப்புதல் இல்லாத கடிதம், ஏற்கக் கூடாது என்று அரசுத் தரப்பில் ஆட்சேபித்தார்களாம். எழுதியவரே வியாழக்கிழமை நேரில் வந்து சொல்லட்டும் என்று நீதிபதி ஆணையிட்டிருந்தார். போனேன். நீல நிறச் சேலை, இஸ்திரி போட இவர்தான் உதவினார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "எழுபத்தொரு சதவீதம். இது எப்படி வந்தது?"

"நான் போட்டதுங்க ஐயா."

"எத அடிப்படையா வச்சு?"

"எதையும் வச்சு இல்லைங்க. கட்டம் காலியா இருந்தது. காலியா விட முடியல. ஒரு பேரப் போட்டேன்."

அரசு வக்கீல் எழுந்தார். "அப்ப இந்த மலையில கஞ்சா விளையவே இல்லைன்னு சொல்றீங்களா?"

"இல்லைங்க. ஆறு வழக்கு இருக்கு. அது தெரியும்."

"மத்ததும் அங்க விளைஞ்சிருக்கலாம் இல்லையா?"

"இருக்கலாம். உங்க வீட்டு மாடியிலயும் விளைஞ்சிருக்கலாம். எனக்குத் தெரியாது. அதத்தான் எழுதியிருக்கேன்."

சிரிப்பு எழுந்தது. நீதிபதி சிரிக்கவில்லை. தன்னுடைய பழைய உத்தரவை எடுத்து ஒரு தடவை படித்தார். அந்த வரியை எழுதியவர் அவர்தான். பிறகு, "இந்த நீதிமன்றமும் அந்த எண்ணைச் சோதிக்காமல் எடுத்துக்கொண்டது" என்று மெதுவாகச் சொன்னார். தட்டச்சர் நிமிர்ந்து பார்த்தார். "அடிங்க, அதையும் சேர்த்து அடிங்க" என்றார்.

ஜாமீன் கிடைத்தது.

வெளியே வேப்ப மரத்தடியில் ரங்கி நின்றிருந்தாள். அவளுக்கு இன்றுதான் தெரியும். பதில் ஆங்கிலத்தில் போயிருந்ததால் வக்கீல் எண்களை மட்டும் விளக்கியிருக்கிறார், குறிப்பை எழுதியது யார் என்று சொல்லவில்லை.

"நீங்கதானா அது?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"எங்க ஊட்டுல உக்காந்து காப்பி குடிச்சீங்க. நான் கேட்டேன். அப்பவும் சொல்லலை."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "வேண்டாமுங்க. இன்னைக்கு உள்ள உண்மையச் சொன்னீங்க, என் தம்பி வர்றான். அது வேற. எட்டு வருசம் வேற." பஸ் நிலையத்தை நோக்கி வேகமாக நடந்துவிட்டாள்.

அவள் சொன்னது சரி. வீட்டுக்கு வந்து ரசம் மட்டும் வைத்தேன்.

ஜூலை 30, செவ்வாய்

135/85. இன்று பதினேழு கிணறுகள். ஒன்று தூர்ந்துவிட்டது, உரிமையாளர் அதையும் சேர்க்கச் சொன்னார். சேர்க்கவில்லை.

புது மிக்ஸி வாங்கியாயிற்று. சத்தம் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

வக்கீல் நூர்ஜகான் போன் செய்தார். ரங்கி சொல்லச் சொன்னாளாம். என் பதிலைத் தமிழில், என் கையெழுத்தோடு எழுதித் தர வேண்டும். எதற்கு என்று கேட்டேன். "போர்டு வைக்கப் போறாங்களாம் மேடம். நீங்க குடுக்கணும்னு கட்டாயமில்ல. குடுத்தா உங்க விசாரணைக்கு இன்னும் சிக்கலாகும்."

எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. சீங்கமலை அடிவாரம் வரை இவரோடு பயிற்சிக் காரில் போய் வந்தேன். மேலே ஏறவில்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை.

சாவடிக்கு நேரெதிரே பட்டா நிலத்தில் பத்தடி உயரத்துக்குப் பலகை நட்டிருக்கிறார்கள். தலைவர் படம் இல்லை, கும்பிடும் கை இல்லை. மேலே "சீங்கமலை: 412-இல் 6" என்று இரண்டு முழ எழுத்து. அதற்குக் கீழே "மற்றவை எங்கே விளைந்தன என்று அரசுக்குத் தெரியாது" என்று ஒரு வரி. அதற்கும் கீழே என் கடிதம், கடித எண், தேதி, கையெழுத்து எல்லாம்.

போலீஸ்காரர் ஒருவர் அதை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ரங்கியோடு இருபது பெண்கள் இருந்தார்கள். நாங்கள் தள்ளி நிறுத்தியிருந்தோம், ஆனாலும் அவள் குரல் கேட்டது.

"எதுக்குங்க எடுக்கோணும்? உங்க அரசாங்கத்து எண்ணுதானுங்க. போன வருசம் நீங்க பேப்பர்ல போட்டீங்க, நாங்க எடுக்கச் சொன்னமா?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அப்போது ஒரு பஸ் வந்தது. பயணிகள் பழக்கத்தில் இறங்கத் தயாரானார்கள். அவர் பலகையைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், போகட்டும் என்று கை காட்டினார். இன்று ஒரு பஸ்தான். நாளை மறுபடி நிறுத்தலாம்.

ரங்கி எங்கள் காரைப் பார்த்தாள். எல் பலகையையும் பார்த்தாள். தலையை அசைக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

துறை விசாரணை. விசாரணை அதிகாரி வெளி மாவட்டத்துக்காரர், மரியாதையான மனிதர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். குற்றச்சாட்டை வாசித்தார். மேலதிகாரியின் ஒப்புதலின்றி அலுவலகத் தகவலை வெளியிட்டுத் துறைக்கு அவப்பெயர் ஏற்படுத்தியது. ஒன்றே ஒன்று.

"ஒத்துக்கறீங்களாம்மா?"

"இல்லைங்க. அந்தத் தகவலக் குடுக்கச் சட்டம் எனக்கு அதிகாரம் குடுத்திருக்கு."

எழுதிக்கொண்டார். "சரி. வேற ஏதாவது சொல்லணுமா?"

"ஒரு குற்றச்சாட்டு விட்டுப்போச்சுங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "என்ன சொல்றீங்க?"

"எட்டு வருசமா ஆதாரம் இல்லாத எண்ண ஆண்டறிக்கையில ஏத்துனேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. குறிப்பாணையில அது இல்ல. சேர்த்துக்கங்க."

"அம்மா, இப்படி யாராவது கேப்பாங்களா? முதல் குற்றச்சாட்டுல கண்டிப்போட போயிரும். இதைச் சேர்த்தா ஓய்வுக்கு முன்னால பெரிய தண்டனை வரும். நீங்களே ஏன்?"

"உண்மையச் சொன்னது மட்டும் குற்றம்னு கோப்புல இருக்கு சார். பொய் சொன்னது எங்கயும் இல்ல. அதை விசாரிச்சாதான் அந்த எண்ண யார் யார் பார்த்தாங்க, யார் யார் பேசாம இருந்தாங்கன்னு வெளிய வரும். என்னைத் தொட்டுத்தான் மத்தவங்களத் தொட முடியும்."

குற்றச்சாட்டைச் சேர்க்கத் தனக்கு அதிகாரமில்லை என்றார். எனக்குத் தெரியும். அதனால் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போயிருந்தேன். இரண்டு பக்கம், இணைப்பில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு காலிப் படிவங்களின் பட்டியல். அவர் வாங்கத் தயங்கினார். நேராக மாடியில் தபால் பிரிவுக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த பெண் மேலோட்டமாகப் புரட்டினாள்.

"பொருள் என்னன்னு பதியணும் மேடம். யார் மேல புகார்?"

"அ. அமலோற்பவம், புள்ளியியல் ஆய்வாளர்."

எழுதினாள். "புகார் குடுக்கறவங்க பேரு?"

சொன்னேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அந்தக் கட்டத்தையும் முழுதாக நிரப்பி, முத்திரையை மையில் அழுத்தி, இரண்டு பிரதியிலும் ஓங்கிக் குத்தினாள்.